கூட வருகிறவருக்கு ஒரு கையேடு: குமரி மாவட்டத்தில் பெண்களின் சட்ட உரிமைக்குத் துணை நிற்பது எப்படி

நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கோ, தக்கலை, குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி கோர்ட்டுகளுக்கோ ஒரு பெண் தனியாக வருவது அபூர்வம். அம்மா வருவார், அக்கா வருவார், சுயஉதவிக் குழுத் தலைவி வருவார், அன்பியத்தின், அதாவது பங்கில் உள்ள சிறு குடும்பக் குழுவின், பொறுப்பாளர் வருவார், பக்கத்து வீட்டில் படித்த பெண் ஒருத்தி வருவாள். அப்படிக் கூட வருகிற ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், தெளிவாக எழுதத் தெரிந்த கையும், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்ற விவரமும் இருந்தால் போதும்.

நான் பார்த்தவரை, ஒரு பெண்ணின் உரிமை கைநழுவும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அவள் வாயால் சொன்னது தாளில் ஏறுவதில்லை. ஏறிய தாளுக்கும் யாரும் ரசீது வாங்கி வைப்பதில்லை. சமத்துவத்துக்கான சட்டங்கள் நம் நாட்டில் வரிசையாக இருக்கின்றன. அவற்றை அசைத்து வேலை வாங்குவது தேதி போட்ட மனுவும், அதன் நகலில் விழுந்த முத்திரையும். உங்கள் வேலையின் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும்.

முதல் பேச்சு

ஒருவர் உங்களிடம் வந்ததும் "கேஸ் போடலாமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்னைக்கு ராத்திரி எங்க இருப்பீங்க அக்கா? பிள்ளைங்க எங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் பயம் தெரிந்தால் மற்றதெல்லாம் பிறகு. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. தற்காலிகத் தங்கல், மருத்துவ உதவி, சட்ட ஆலோசனை, போலீஸ் உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, சகி மையம் என்று சொல்வார்களே அதற்கு, 181 வழியாகவே போய்ச் சேரலாம்.

ஆபத்து இல்லை என்றால் அடுத்த கேள்வி: உங்களுக்கு என்ன வேணும்? நிறைய பேர் கேட்பது இதைத்தான்: "அடி நிக்கணும், ஆனா குடும்பம் பிரியக் கூடாது." சிலருக்கு நகை திரும்ப வேண்டும். சிலருக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். சிலருக்கு அப்பா சொத்தில் பங்கு. ஒவ்வொன்றுக்கும் போகும் வாசல் வேறு. அவர் விரும்புவது எது என்று தெரியாமல் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனால், அவர் கேட்காத ஒன்று நடந்து, கேட்டது கிடைக்காமல் போகும்.

பங்குத்தந்தையிடமோ ஜமாத்திடமோ ஊர்த் தலைவரிடமோ பேசிப் பார்க்கலாம் என்று அவர் நினைத்தால் தடுக்க வேண்டாம். ஆனால் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: அங்கே பேச்சு நடக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் கெடு நிற்காது. பேசி முடித்தால் அதையும் எழுதி, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு நகல் அவர் கையில் இருக்க வேண்டும்.

கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போடாதீர்கள், நியாயம் கேட்கிற நல்ல எண்ணத்தில்கூட. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இதில் ஒரு விதிவிலக்கை மனதில் வையுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைப்பது குற்றம். குழந்தை உதவி எண் 1098. ஆகவே ஒரு சிறுமியிடம் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

நாள்வரிசை எழுதுவது

இதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்வேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொள்ளுங்கள். முதல் நிகழ்விலிருந்து கடைசி நிகழ்வு வரை வரிசையாக எழுத வேண்டும்.

பெண்களுக்குத் தேதி நினைவிருக்காது என்று வக்கீல்கள் அலுத்துக் கொள்வார்கள். தேதி நினைவிருக்காதுதான், ஆனால் நாள் நினைவிருக்கும். "கோட்டாறு சவேரியார் திருவிழா கொடியேறின அன்னைக்கு", "மண்டைக்காடு கொடைக்குப் போயிட்டு வந்த ராத்திரி", "சுசீந்திரம் தேரோட்டத்துக்கு மறுநாள்", "ஒக்கி அடிச்ச வருஷம், கரண்ட் இல்லாம கிடந்தப்ப". இந்தச் சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு, பிறகு பழைய நாட்காட்டியை வைத்துத் தேதி கண்டுபிடியுங்கள். சவேரியார் திருவிழா நவம்பர் 24இல் கொடியேறி டிசம்பர் 3இல் முடியும். மண்டைக்காடு மாசியில். சுசீந்திரம் தேர் மார்கழியில். ஒக்கி 2017 நவம்பர் கடைசியில். சரியான தேதி கிடைக்காவிட்டால் "2023 மாசி, மண்டைக்காடு கொடை நடந்த வாரம், தேதி சரியாக நினைவில்லை" என்றே எழுதுங்கள். ஊகித்துப் போட்ட தேதியைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் உடைத்துவிடுவார், அதோடு உண்மையும் சேர்ந்து உடையும்.

நிகழ்வை எழுதும்போது பெரிய சொற்களைத் தவிருங்கள். "கொடுமைப்படுத்தினார், சித்திரவதை செய்தார்" என்று எழுதினால் நீதிபதிக்கு எதுவும் தெரியாது. "இரவு சுமார் 10 மணி. அடுக்களைக் கதவை அடைத்தார். வலது கையைப் பின்னால் முறுக்கினார். வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. மாமி ஹாலில் நின்றார், வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு மதில் வழியாக எட்டிப் பார்த்தார்." இப்படி எழுதினால் எங்கே, யார், எதனால், யார் பார்த்தது, காயம் எது என்பதெல்லாம் வந்துவிடும். எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் "இல்ல மக்களே, அப்படி இல்ல" என்று திருத்துகிற இடங்கள்தான் வழக்கைக் காப்பாற்றும்.

சேர்க்க வேண்டிய தாள்கள்

கல்யாணப் பதிவுச் சான்று அல்லது கோவில், பள்ளிவாசல், தேவாலயத்தில் தந்த திருமணச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம். நகைக்கு ரசீது இல்லாவிட்டால் கல்யாண ஆல்பம் எடுங்கள். எத்தனை பவுன் சீதனம் என்பதற்கு ஆல்பத்தில் கழுத்திலும் கையிலும் தெரிவது சாட்சி. படத்தின் பின்புறம் ஒவ்வொரு நகையின் பெயரையும் எடையையும் பென்சிலில் குறித்து வையுங்கள். சீதன நகை பெண்ணின் முழு உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே, பிரதிபா ராணி வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. "குடும்பத்துக்குக் கொடுத்தது" என்ற வாதம் அங்கே நிற்காது.

காயம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியானாலும், காயம் விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஏ.ஆர். என்பார்கள். அந்தப் பதிவேட்டில் டாக்டர் எழுதுவது நோயாளி சொன்னதை. "கீழ விழுந்துட்டேன் டாக்டர்" என்று வெட்கத்தில் சொல்லிவிட்டால், மூன்று வருடம் கழித்து எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டும். நீங்கள் கூடப் போகும் நாளில் வாசலில் வைத்தே மெதுவாகச் சொல்லிவிடுங்கள்: யார் அடித்தது, எதனால் அடித்தது என்று உள்ளதைச் சொல்லுங்க அக்கா.

போலீஸ் நிலையத்தில்

எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், மகளிர் காவல் நிலையம்தான் என்றில்லை. "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

நடைமுறையில் கையில் கொடுப்பது பெரும்பாலும் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. ஆனால் அதுவும் வேண்டும், எண்ணும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியுடன் முதற்கட்ட விசாரணை நடத்த 14 நாள் அவகாசம் உண்டு. கணவர் வீட்டுக் கொடுமை, பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, அதில் வரும். 14 நாள் தாண்டியும் பதில் இல்லை என்றால், புகாரின் நகலை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சட்டமே அந்த வழியைத் தந்திருக்கிறது. தபால் ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள். அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஸ்டேஷனில் பேச்சு வார்த்தை நடந்து, "இனி பிரச்சினை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா" என்பார்கள். எழுதலாம், அவருக்கு மனமிருந்தால். ஆனால் வெறும் "சமாதானம் ஆகிவிட்டோம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் புகார் மூடப்படும், வேறொன்றும் மிஞ்சாது. என்ன ஒப்புக்கொண்டார், எந்தத் தேதிக்குள் நகையைத் தருவார், மாதம் எவ்வளவு தருவார் என்று எழுதி நகல் வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்காகவும் போட விடாதீர்கள்.

குடும்ப வன்முறைச் சட்டம்

"அடி நிக்கணும், குடும்பமும் இருக்கணும்" என்று கேட்டவருக்கு உகந்த சட்டம் இது. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. கணவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் இல்லை, மாஜிஸ்திரேட் மூலம் பாதுகாப்பும் இருப்பிடமும் பணமும் வாங்கித் தரும் சட்டம். இந்த விஷயத்தை விளக்கியதும் பல பெண்களின் முகத்தில் தயக்கம் குறைவதைப் பார்க்கலாம். ஆனால் கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால் அப்போது அது குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனைவிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மகன் அடிக்கும் தாய், அண்ணன் வீட்டை விட்டு விரட்டும் தங்கை, கணவர் இறந்ததும் மாமியார் வீட்டில் இடமில்லாமல் போன விதவை, திருமணம் போன்ற உறவில் கூடி வாழ்ந்த பெண், எல்லோரும் இதில் வரலாம். அடி மட்டும் வன்முறை என்பதும் இல்லை. நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, வேலைக்குப் போக விடாமல் தடுப்பது எல்லாம் பொருளாதார வன்முறை என்று சட்டமே சொல்கிறது.

செய்முறை இது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையை அதற்கான படிவத்தில் எழுதுவார். நீங்கள் தயாரித்த நாள்வரிசை அங்கேதான் கைகொடுக்கும். அதோடு 12ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. வக்கீல் வைத்து நேராகவும் போடலாம். அவர் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே போடலாம் என்பது பெரிய வசதி. கணவர் வீடு சென்னையில் இருந்தாலும், அம்மா வீடு கருங்கலில் என்றால் அதற்குரிய கோர்ட்டில் போதும்.

மனுவில் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள், கேட்காதது கிடைக்காது. பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உத்தரவு, மாதச் செலவு, பிள்ளைகளின் பொறுப்பு, நகை திரும்பப் பெறுதல், நஷ்டஈடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அவசரமாக இருந்தால் இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். "வீடு மாமியார் பேர்ல இருக்கு, உனக்கு உரிமை இல்ல" என்று மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. கணவரின் உறவினர் பெயரில் உள்ள வீடும், அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால், பகிர்ந்து வாழும் வீடாக, அதாவது மருமகளும் தங்கும் உரிமை கேட்கக்கூடிய வீடாக, ஆகலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாமியார், நாத்தனாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்பது 2016 முதல் தெளிவாகிவிட்டது. ஆனால் குடும்பத்தில் உள்ள எல்லோரையும் அள்ளிப் போட்டு வழக்கு போடாதீர்கள். செய்தவர்களை மட்டும் சேருங்கள். சம்பந்தமில்லாத கொழுந்தனைச் சேர்ப்பதால் வழக்கு பலவீனப்படுவதை நிறையவே பார்க்கிறோம்.

சட்டப்படி முதல் விசாரணை மூன்று நாளுக்குள் வைக்கப்பட வேண்டும், அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். நடைமுறையில் இழுக்கும். நம் மாவட்டத்தில் இழுப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: எதிர்மனுதாரர் ஊரில் இருப்பதில்லை. வளைகுடாவில் வேலை செய்கிறவர் என்றால் அவருடைய பாஸ்போர்ட் நகல், கம்பெனி முகவரி, கடைசியாக அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு ஆகியவற்றை முதலிலேயே சேர்த்து வையுங்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் என்றால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் சேரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்தக் காலத்தில் சம்மன் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

உத்தரவு வந்ததும் அதன் நகல் இலவசம் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கி, ஒன்றைப் பக்கத்துக் காவல் நிலையத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

சொத்து: நம் ஊருக்கென்று உள்ள சிக்கல்

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி. அந்தச் சட்டங்களின் வாசனை இன்னும் வீடுகளில் இருக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்குச் சீதனம் கொடுத்தாச்சு, பங்கு கிடையாது" என்று பெரியவர்கள் உறுதியாகச் சொல்வதற்கு வேர், 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். அதன்படி மகளுக்கு, மகன் பங்கில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. விதவைக்கு வாழ்நாள் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும்.

மேரி ராய் என்ற பெண் உச்ச நீதிமன்றம் வரை போய், 1986இல் தீர்ப்பு வாங்கினார்: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 தான் பொருந்தும். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன் மகள் எல்லோருக்கும் சமம். சீதனம் கொடுத்ததால் பங்கு இல்லை என்பது இல்லை. இதை ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு சபையிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டு ஆகியும் பல வீடுகளுக்கு அது போய்ச் சேரவில்லை என்பது வேதனை.

இந்துக் குடும்பம் என்றால், தந்தை சுயமாகச் சம்பாதித்து உயில் இல்லாமல் விட்டதில் மனைவி, மகன், மகள், தந்தையின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்கு உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் திருமணமான மகளுக்கும் பிறப்பால் உரிமை தந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற குழப்பத்தை வினீதா சர்மா வழக்கு 2020இல் தீர்த்தது, இருந்திருக்கத் தேவையில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையைத் திறக்க முடியாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் கணக்கு தனி. அதில் மகளுக்கு உள்ள பங்கைக்கூடத் தராமல் விடுவதுதான் அதிகம். கணக்கை வக்கீலிடம் போட்டு வாங்குங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஆபத்து வரும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். "லோனுக்குத்தான் தங்கச்சி, ஒரு கையெழுத்து" என்று அண்ணன் அழைத்துப் போவார். அது விடுதலைப் பத்திரமாக இருக்கும். கையெழுத்துப் போட்டால் பங்கு போய்விடும். பத்திரத்தை முந்தின நாளே வாங்கி வாசிக்கச் சொல்லுங்கள், தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏமாற்றி வாங்கியிருந்தால் ரத்து கேட்டு வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு.

வில்லங்கச் சான்று எடுங்கள், பட்டாவில் யார் பெயர் என்று பாருங்கள், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மகள்களின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் உடனே ஆட்சேபணை, பிறகு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள்.

1956க்கு முந்தைய பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். பயந்துபோய் ஒதுக்கி வைக்காதீர்கள். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. அங்கிருந்து டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை என்றால் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் உதவுவார்கள்.

வேலை செய்யும் இடம்

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, தனியார் பள்ளி, முந்திரி ஆலை எல்லாம் இதில் வரும். பத்துக்குக் குறைவு என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, வீட்டுவேலை செய்பவர் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். கெடு மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம். இந்தக் கெடு கடந்துபோவதால்தான் பல புகார்கள் வீணாகின்றன. ஆகவே அவர் இன்னும் முடிவெடுக்காத நிலையிலும், நிகழ்ந்த தேதியை நோட்டில் குறித்து, கெடு முடியும் நாளையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கூலி விஷயம். முந்திரி ஆலைகளில் உடைப்பதும் தோல் உரிப்பதும் பெண்கள், பெரும்பாலும் எடைக்கூலிக்கு. ஒரே வேலைக்கோ அதற்கு ஒப்பான வேலைக்கோ ஆண் பெண் என்று கூலியில் வேறுபாடு கூடாது என்று 1976இன் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்தில் இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு இருக்கிறது. புகாரைத் தொழிலாளர் துறைக்குக் கொண்டு போகும்போது, "எங்களுக்குக் குறைவு" என்று சொல்லாமல், ஒரு வாரத்துக்கு எத்தனை கிலோ, எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி, அதே கூரையின் கீழ் ஆண் என்ன வேலை செய்து என்ன வாங்குகிறார் என்று குறித்துக் கொண்டு போங்கள். கடைகளில் ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நாகர்கோவில் கடைகளில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளரிடமே போய்ச் சத்தம் போட்டுக் கேட்டார், அது வீடியோவாகப் பதிவானது. ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவமானம் நடந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கேள்வி கேட்ட அந்த அம்மாவின் துணிவை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வேன்.

திருநங்கையரும் உங்களிடம் வருவார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. இந்து திருமணச் சட்டப்படி திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்று 2019இல் நம் மாவட்டத்துக்கும் உரிய மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அலுவலகத்தில் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

வக்கீலும் வாய்தாவும்

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன்படி பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது. வசதியான வீட்டுப் பெண்ணும் கேட்கலாம். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு. எண் 15100. வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். பெண் வக்கீல் வேண்டும் என்றும் கேட்கலாம். இலவசம் என்றால் இலவசம்தான். இடையில் யாராவது பணம் கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

வாய்தா நாளில் பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை அவர் போனில் சேமித்துக் கொடுங்கள், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை அவரே பார்த்துக்கொள்ளப் பழக்குங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் வக்கீல் குமாஸ்தாவை எதிர்பார்த்து நிற்காமல், தன் வழக்குத் தேதி தனக்கே தெரியும் என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு தரும் என்பதை நீங்களே காண்பீர்கள். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உத்தரவு வந்தது. கணவர் தரப்பு தரவில்லை என்றால் வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும்.

கோர்ட்டில் நீங்கள் வக்கீல் போலப் பேச முடியாது, பேசவும் கூடாது. சமரச மையத்தில் உட்காரும்போது அவர் தலையாட்டினால், வெளியே அழைத்து வந்து "இது உங்களுக்குச் சம்மதமா, இல்ல களைச்சுப் போய் சரின்னு சொல்றீங்களா?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

ஒருவர் வழக்கிலிருந்து ஊர் வழக்குக்கு

சில வழக்குகளுக்குத் துணை நின்ற பிறகு, ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளூர்க் குழுவில் யார் யார் உறுப்பினர், கடந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை நிறுவனங்கள் ஆண்டறிக்கை அனுப்பின என்று கேளுங்கள். ஒரு மனுவில் நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம், நீட்டினால் பதிலும் மழுப்பலாக வரும்.

பதில் கையில் வந்தால் கிராம சபைக்குக் கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அப்படிப் பதவியில் உறுப்பினர்கள் இருந்தால் அவர்களை முந்தைய வாரமே பார்த்துப் பேசி, தீர்மானத்தை நீங்களே எழுதிக் கொண்டு போய், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்கார்ந்திருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தின் நகலை இணைத்துக் கொடுத்தால், தனி மனுவைவிட அதற்கு எடை கூடும்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவ்வப்போது சட்டம் சார்ந்த தன்னார்வலர்களைத் தேர்வு செய்து பயிற்சி தருகிறது. அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். அடையாள அட்டை கையில் இருந்தால் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் "நீங்க யாரு?" என்ற கேள்விக்கு நீண்ட விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.